கட்டற்ற மென்பொருளில் வழு கண்டால் யாரிடம் சொல்வது? கேள்வி பதில்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் கட்டற்ற மென்பொருள் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) திட்டங்களுக்கு வரும் வழு (bug, மென்பொருளில் உள்ள பிழை) அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரித்து வருகிறேன். நான் நிரல் எழுதியது குறைவுதான். அடுத்தவர் கணினியில் நடந்தது என் கணினியிலும் நடக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்த நேரமே அதிகம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, லிப்ரே ஆபீஸில் ஒரு பிழை பார்த்தேன். கஸ்டமர் கேர் எண் எதுவுமே இல்லையே, யாரிடம் சொல்வது? (கல்லூரி மாணவி, கோவை)

லிப்ரே ஆபீஸ் என்ற அந்த அலுவலக மென்பொருள் திட்டத்துக்கென்று பக்ஜில்லா என்ற வழுப் பதிவேடு இருக்கிறதும்மா. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம், யார் எழுதியதையும் படிக்கலாம். பக்ஜில்லா என்ற மென்பொருளே 1998-ல் மொசில்லா உலாவித் திட்டத்துக்காக டெர்ரி வைஸ்மன் உருவாக்கியது. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய நெட்ஸ்கேப் நிறுவனத்துக்குள் பூட்டிக் கிடந்த வழுப் பட்டியலுக்குப் பதிலாக, உலகமே பார்க்கும் பட்டியல் ஒன்று வந்தது. கட்டற்ற மென்பொருளில் நிரலைத் திறந்து வைத்ததற்கு ஈடான காரியமாக நான் இதைப் பார்க்கிறேன். குறை எங்கே இருக்கிறது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நீங்கள் எழுதியதும் அது 'உறுதி செய்யப்படாதது' என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் 'புதியது' என்று மாற்றுவார். உங்கள் அறிக்கையை நீங்களே உறுதி செய்யக் கூடாது. எழுதுவதற்கு முன் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று இரண்டு மூன்று விதமான சொற்களில் தேடிப் பாருங்கள். என் முதல் அறிக்கை 'நகல்' என்று ஒரே நாளில் மூடப்பட்டது. அன்று வருத்தமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நான் எழுதிய விவரமும் மூல அறிக்கையோடு இணைக்கப்பட்டு, சரிசெய்தவருக்குப் பயன்பட்டிருந்தது.

'தேடல் வேலை செய்யவில்லை' என்று தெளிவாகத்தான் எழுதினேன். 'கூடுதல் விவரம் தேவை' என்று போட்டுவிட்டார்கள். இதற்கு மேல் என்ன விவரம்? (ஈரோட்டிலிருந்து ஒருவர்)

உங்களுக்குத் தெளிவுதான். ஜெர்மனியில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? அவர் கணினியில் தேடல் நன்றாகத்தானே வேலை செய்கிறது.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஸ்ரீ, ஶ்ரீ: இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது 'ஸ'வில் தொடங்குகிறது, இரண்டாவது 2005-ல் யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) சேர்ந்த 'ஶ'வில் தொடங்குகிறது. ஓர் ஆவணத்தில் ஒரு வகையும் தேடல் பெட்டியில் மற்ற வகையும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் சொல்லை மென்பொருள் 'இல்லை' என்று சொல்லும்.

இதை 'தமிழில் தேடல் வரவில்லை' என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'இணைத்திருக்கும் கோப்பைத் திறக்கவும். தேடல் பெட்டியில் இந்தச் சொல்லை வெட்டி ஒட்டவும். தேடு என்பதை அழுத்தவும். முதல் வரியில் இருக்கும் சொல் கிடைக்க வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை என்று வருகிறது.' கூடவே மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பது. தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத நிரலாளர் இதைப் படித்து இரண்டே நிமிடத்தில் பிழையைத் தன் திரையில் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேட்ட விவரத்தைக் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து. மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் 'போதிய தகவல் இல்லை' என்று மூடிவிடுவார்கள். நல்ல வழுக்கள் பல இப்படித்தான் வீணாகப் போகின்றன.

டெபியனில் எல்லாமே மின்னஞ்சலில்தானா சார்?

ஆமாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் (லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) 1994-ல் இயன் ஜாக்சன் தொடங்கிய முறை, இன்றும் அப்படியே. ரிப்போர்ட்பக் என்ற கருவி பதிப்பு விவரங்களைத் தானே திரட்டி மின்னஞ்சலாக அனுப்பிவிடும். ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் வரும். எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

கடுமையை ஏழு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மேல் மூன்று படிகளில் இருப்பவை புதிய வெளியீட்டையே தடுத்து நிறுத்தும் வல்லமை உள்ளவை. அதனால் உங்களுக்கு எரிச்சலூட்டியது என்பதற்காக உச்சப் படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தொடர்பில்லாத மற்ற மென்பொருளை உடைப்பது, தரவைப் பெருமளவில் அழிப்பது போன்றவற்றுக்கு உரியது அது. ஐகான் நிறம் பிடிக்கவில்லை என்றால் 'விருப்பம்' என்று கடைசிப் படி ஒன்று இருக்கிறது.

புது கெர்னலுக்கு மாறியதும் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது. பழைய கெர்னலில் நன்றாக வேலை செய்கிறது. (சென்னை)

தம்பி, கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, சம்பந்தமாக உங்கள் கையில் இருப்பது மிக மதிப்புள்ள வழு. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதைப் பின்னடைவு என்பார்கள். புது வசதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கறாராக இருப்பவர்.

முதலில் உங்கள் வழங்கல் தரும் கெர்னலை விட்டுவிட்டு, மாற்றம் ஏதும் செய்யாத மூல கெர்னலிலும் இது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் கிட் பைசெக்ட் (கெட்ட மாற்றத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் கருவி). ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். நடுவில் உள்ளதை எடுத்து நிறுவிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதி கழிந்துவிடும். மிச்சத்தில் மறுபடி நடுவில் ஒன்று. சுமார் பதினான்கு முறையில் குற்றவாளி மாற்றம் அகப்படும். ஒவ்வொரு முறையும் கெர்னலைத் தொகுக்க (compile) வேண்டியிருப்பதால் ஒரு வார இறுதி போய்விடும், உண்மைதான். ஆனால் 'இந்த மாற்றத்தால்தான்' என்று சுட்டிக்காட்டி, அதை எழுதியவருக்கும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கும் மடற்குழுவுக்கும் (மின்னஞ்சல் குழு) எழுதினால் சட்டென்று பதில் வர வாய்ப்பு அதிகம். யார் பராமரிப்பாளர் என்பது மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறேன். எல்லோரும் பார்க்கும்படி எழுதலாமா? (யாழ்ப்பாணம்)

வேண்டாம். பெரும்பாலான திட்டங்களுக்கு இதற்கென்று தனி முகவரியோ மறைவான பதிவு முறையோ இருக்கும். திருத்தம் தயாராகும்வரை அது பொதுவெளிக்கு வரக் கூடாது.

2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) நுழைவுக்குச் சுமார் அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நம்மில் பலர் 'நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது' என்று விட்டிருப்போம். அவர் விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற, தரவைச் சுருக்கும் நிரல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தது வெளிப்பட்டது. அவர் முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும், பிறகு வழங்கல்களுக்கான மூடிய மடற்குழுவுக்கும் சொல்லிவிட்டு, மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். அளந்த நேரங்கள், பார்த்த பிழைச் செய்திகள், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து எழுதிய அந்த மடலை வழு அறிக்கை எழுத விரும்பும் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

நான்கு வருஷமாக என் அறிக்கை திறந்தே கிடக்கிறது. 'எனக்கும் இதே பிரச்சினை' என்று இருபது பேர் எழுதியும் ஒருவரும் அசையவில்லை. (மதுரை)

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த இருபது வரியும் அதைப் பின்தொடரும் ஒவ்வொருவருக்கும் இருபது மின்னஞ்சலாகப் போயிருக்கும். 'என்னையும் பாதிக்கிறது' என்று பதிவு செய்யப் பல இடங்களில் தனிப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் புதிய பதிப்பில் மறுபடி சோதித்து, 'இந்தப் பதிப்பிலும் நடக்கிறது' என்று ஒரு வரி சேருங்கள். பழைய அறிக்கைக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

சில திட்டங்களில் நாளாகிவிட்டது என்பதற்காக ஒரு தானியங்கி நிரலே அறிக்கைகளை மூடிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'செய்யப்போவதில்லை' என்று ஒரு மனிதர் காரணத்தோடு சொல்லட்டும், ஏற்றுக்கொள்ளலாம்.

ஏஐ-யிடம் கொடுத்து அறிக்கை எழுதலாமா?

மொழியைத் திருத்தக் கேளுங்கள். வழுவையே அதனிடம் கேட்காதீர்கள். கர்ல் (இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், நிரலில் இல்லாத ஓட்டைகளை இருப்பதுபோல் விவரிக்கும் அறிக்கைகள் குவிவதாகத் தொடர்ந்து எழுதி வந்தார். ஓட்டை கண்டுபிடிப்பவருக்குப் பணம் தர 2019-ல் தொடங்கிய வெகுமதித் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பொய் அறிக்கையும் ஒரு தன்னார்வலரின் மாலை நேரத்தைத் தின்கிறது.

எனக்கு நிரலும் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். நான் ஏதாவது செய்ய முடியுமா ஐயா? (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

கண்டிப்பாக முடியும் அம்மா. சின்னச் சின்ன வாக்கியம் போதும், திரையைப் படம் பிடித்து (screenshot) இணைத்துவிடுங்கள். தமிழ் எழுத்து உடைவது, 'கொ'வின் கொம்பு இடம் மாறுவது, பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் எழுத்து சிதறுவது இதெல்லாம் தமிழ் படிப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். லிப்ரே ஆபீஸ் பக்ஜில்லாவில் 'உறுதி செய்யப்படாதவை' பட்டியலைத் திறந்து 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். ஏதாவது வந்தால், அதில் சொல்லியிருப்பதை அப்படியே உங்கள் கணினியில் செய்து பாருங்கள். நடந்தால் 'நடக்கிறது', நடக்காவிட்டால் 'நடக்கவில்லை', கூடவே உங்கள் பதிப்பு எண். எந்த இடத்தில் தடுமாறினாலும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.