அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள் ஆசிரியர்களையும் பணியாளர்களையும் மாணவர்களையும் கொண்டாடுவது உண்மையான நன்றியா, வெறும் சடங்கா?

இரண்டும் கலந்தது என்பதுதான் என் பதில். ஆனால் எந்த இடத்தில் எது மிகுதி என்பதை விரிவாகச் சொன்னால்தான் அந்தப் பதிலுக்குப் பொருள் இருக்கும். நான் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் உள்ள ஓர் ஊரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். மகள் இங்குள்ள பொதுப் பள்ளிகளிலேயே மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து முடித்துவிட்டாள். மகன் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். பி.டி.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சில ஆண்டுகள் உணவு ஏற்பாட்டுப் பொறுப்பில் இருந்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் மேடையிலிருந்து பார்த்ததன்று, சமையலறைப் பக்கத்திலிருந்து பார்த்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டத்தையோ கல்வி மாவட்டத்தையோ போன்றதன்று. தமிழ்நாட்டில் மாவட்டக் கல்வி அலுவலர் அரசால் நியமிக்கப்படுபவர். இங்கோ பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேரை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் குழு தானே ஒரு கண்காணிப்பாளரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு பள்ளிகளை நடத்துகிறது. கலிபோர்னியாவில் மட்டும் இப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ளன. ஒரே ஒரு பள்ளியை வைத்திருக்கும் மாவட்டமும் உண்டு, லாஸ் ஏஞ்சல்ஸைப் போலப் பல நூறு பள்ளிகளை நடத்தும் மாவட்டமும் உண்டு. புதுக் கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் வாக்களிப்போரில் 55 சதவீதம் பேரின் ஒப்புதல் வேண்டும். மனைகளின்மீது பள்ளிக்கென்று தனி வரி விதிக்க வேண்டுமானால் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எனவே, பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத முதியவர்களின் மனத்திலும் ‘நம் ஊர்ப் பள்ளிகள் நன்றாக நடக்கின்றன’ என்ற எண்ணத்தை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் மாவட்டத்துக்கு இருக்கிறது. கொண்டாட்டங்களில் ஒரு பகுதி அந்தக் கட்டாயத்திலிருந்து பிறக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாக்கு கேட்பவர் வாசலில் வந்து நலம் விசாரிப்பது நமக்கும் பழகியதுதானே.

அந்தக் கட்டாயத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் மாவட்டக் குழுவின் கூட்டத்துக்குப் போக வேண்டும். பிரவுன் சட்டம் என்று 1953இல் இயற்றப்பட்ட ஒரு மாநிலச் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த நிரலின் தொடக்கத்திலேயே ‘பாராட்டுகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். அறிவியல் போட்டியில் வென்ற மாணவர்கள், ஓய்வு பெறப்போகும் நூலகர், கால்பந்து அணி, இருபத்தைந்து ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் என ஒவ்வொருவராக அழைத்து, ஒரு சான்றிதழைக் கொடுத்து, உறுப்பினர்களோடு நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிள்ளைகள் நேரத்தோடு உறங்க வேண்டும் என்பதால் இதை முதலில் வைப்பதாகச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் படம் எடுத்து முடிந்ததும் தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் எழுந்து போய்விட, பாதிக்கு மேல் காலியான அரங்கில்தான் வரவு செலவுக் கணக்கைப் பேசத் தொடங்குவார்கள். மகள் நான்காம் வகுப்பில் ஒரு ஓவியத்துக்காகச் சான்றிதழ் வாங்கிய இரவு நானும் அப்படித்தான் எழுந்து வந்தேன், வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர்களுக்கான பெரிய கொண்டாட்டம் மே மாதத்தின் முதல் முழு வாரத்தில் வருகிறது. 1984இல் தேசிய பி.டி.ஏ. அந்த வாரத்தை இதற்கென்று ஒதுக்கியது. விருது என்று பார்த்தால் ‘ஆண்டின் சிறந்த ஆசிரியர்’ என்பதே மிகப் பழையது. 1952இல் தேசிய அளவில் அதை முதன்முதலில் பெற்ற ஜெரால்டின் ஜோன்ஸ், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். பள்ளி, மாவட்டம், கவுண்ட்டி எனப்படும் மாநிலத்தின் உட்பிரிவு, மாநிலம் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் தேர்வு அது. எங்களைப் போன்ற பெற்றோருக்கு அந்த உயரமெல்லாம் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரிவது திங்கள்கிழமை பூ, செவ்வாய்க்கிழமை கையால் எழுதிய கடிதம், புதன்கிழமை காலை உணவு என்று ஒட்டப்பட்டிருக்கும் பட்டியல்தான்.

ஓராண்டு அந்தப் புதன்கிழமையை நானும் மூன்று தமிழ்க் குடும்பத்தினரும் ஏற்றுக்கொண்டு, அறுபது பேருக்கு வெண்பொங்கலும் மெதுவடையும் சாம்பாரும் செய்து கொண்டுபோனோம். நெய்யில் வறுத்த முந்திரியைத் தாராளமாகப் போட்டிருந்தோம், பொங்கலுக்கு அதுதானே அழகு. ஏற்பாட்டுக்குத் தலைமை தாங்கிய அம்மையார் பாத்திரத்தைத் திறந்ததும் முகம் மாறிவிட்டார். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள ஆசிரியைகள் இருவர் அங்கே இருந்தனர். உணவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித்தர வேண்டிய படிவத்தை நாங்கள் கவனிக்கவே இல்லை. பொங்கலை அறையின் மறுமூலையில் தனி மேசைக்கு மாற்றி, ‘முந்திரி உண்டு’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். தவறு எங்களுடையதுதான் என்பதால் வாயைத் திறக்காமல் கரண்டியோடு நின்றிருந்தேன்.

அப்போதுதான் பள்ளியின் தூய்மைப் பணியாளர் ஒருவர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்துவிட்டு, “இது ஆசிரியர்களுக்கு மட்டுமா, எங்களுக்கும் உண்டா?” என்று கேட்டார். பதாகையில் ‘ஆசிரியர்களுக்கு நன்றி’ என்றுதான் இருந்தது. அவரை அழைத்து உட்காரவைத்தோம். பொங்கலில் பெரும்பகுதியை அவரும் அலுவலகப் பெண்களும்தான் சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு பதாகையில் ‘ஆசிரியர்’ என்ற சொல் போய்ப் ‘பணியாளர்’ என்ற சொல் வந்தது. பி.டி.ஏ. கூட்டத்தில் அதற்காக யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை; கேள்வி காதில் விழுந்த எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆசிரியச் சான்றிதழ் தேவைப்படாத இந்தப் பணியாளர்களுக்கென்று கலிபோர்னியாவில் சட்டத்திலேயே ஒரு வாரம் உண்டு, மே மாதத்தின் மூன்றாவது முழு வாரம். சமையலறை ஊழியர், பேருந்து ஓட்டுநர், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளோடு நாள் முழுதும் இருக்கும் உதவியாளர், பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் ஒன்பதரை மணிக்குள் நம்மை அழைத்துக் கேட்கும் வருகைப் பதிவு எழுத்தர் ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். நான் படித்த அரசுப் பள்ளியில் ஆசிரியர் தினத்தன்று மேசையெல்லாம் மாலையும் பேனாவுமாக இருக்கும். சத்துணவு ஆயாவை அன்று மேடைக்கு அழைத்ததாக எனக்கு நினைவில்லை. இங்கும் இந்த மூன்றாவது வாரம் முதல் வாரத்தைப் போலப் பரபரப்பாக இருப்பதில்லை, பரிசு அட்டைகளின் மதிப்பும் குறைந்துவிடும். ஆயினும் நாட்காட்டியில் அதற்கென்று ஓர் இடம் இருப்பதால் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

மாணவர்களைக் கொண்டாடும் விதத்தில் எனக்கு மாறுபட்ட கருத்துகள் உண்டு. ‘ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்’ என்ற விருது எனக்குப் பிடிக்காது. கலிபோர்னியாவில் பள்ளிகளுக்கான மாநில நிதி, பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையை வைத்தன்றி, சராசரியாக நாள்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. காய்ச்சலோடு வரும் குழந்தையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டாட் ராஜர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே மாநிலத்தில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, முன்னறிவிப்பின்றி வருகைக்கு விருது வாங்கிய பிள்ளைகள் அதன்பின் சற்று அதிகமாகவே விடுப்பு எடுத்திருக்கிறார்கள். ‘மற்றவர்களைவிட நான் நிறைய வந்துவிட்டேன் போலிருக்கிறது’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். படித்ததும் சிரித்துவிட்டேன்; என் மகனும் அப்படித்தான் கணக்குப் போடுவான்.

அதற்கு மாறாக, நான் மனமாரக் கைதட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது அவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதித்து, தேவைப்பட்டால் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்று வகைப்படுத்துவார்கள். பிறகு ஆண்டுதோறும் ஒரு தேர்வு நடக்கும். அதில் நான்காம் நிலையை எட்டி, ஆசிரியரின் மதிப்பீடு போன்ற மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் அந்த வகைப்பாடு நீங்கும். எங்கள் மாவட்டத்தில் இதற்கென்று ஒரு மாலை விழா நடத்துகிறார்கள். வாய் திறக்கவே அஞ்சி இரண்டு ஆண்டுகள் இருந்த பிள்ளை மேடையேற, கீழே அதன் தந்தை வேலைச் சீருடையோடு நின்று கைப்பேசியில் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலிடம் இரண்டாமிடம் என்று யாரையும் வரிசைப்படுத்தாத விழா அது.

தாய்மொழிப் பக்கமும் மறக்கப்படவில்லை. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்றவர்களின் பள்ளி இறுதிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கும் சட்டத்தைக் கலிபோர்னியாதான் முதலில் 2011இல் இயற்றியது. அதன்பின் பல மாநிலங்கள் பின்பற்றின. என் மகள் தமிழுக்காக அந்த முத்திரையைப் பெற்றாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே போன ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் அந்தத் தங்க நிற ஒட்டுத்தாளில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. பட்டமளிப்பு நாளில் அதைவிட என்னை அசைத்தது வேறொன்று. அவள் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டிய ஆலோசகர் ஒரு வாரம் முன்பே அவளை அழைத்து, உச்சரிப்பைத் தன் அட்டையில் தமக்குப் புரியும் விதத்தில் எழுதிக்கொண்டு, நாவை மடக்கிப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். அன்று விளையாட்டரங்கின் ஒலிபெருக்கியில் வந்த ழகரம் முழுமையானதன்று. ஆனால் அதில் லகரமும் இல்லை.

இனிச் சடங்கைப் பற்றி. கலிபோர்னியச் சட்டப்படி, அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியருக்கு மார்ச் 15ஆம் தேதிக்குள் முதல் நோட்டீசும், மே 15ஆம் தேதிக்குள் இறுதி நோட்டீசும் தர வேண்டும். 2022 முதல் நிரந்தரப் பணியில் உள்ள மற்ற பணியாளர்களுக்கும் இதே முறைதான். அதாவது பூவும் காலை உணவும் வரும் அந்த வாரம், இரண்டு நோட்டீசுகளுக்கும் நடுவில் விழுகிறது. மே மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை மாநிலத்தின் ஆசிரியர் தினமாக 1982இல் அறிவிக்கப்பட்டபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது மெக்சிகோவின் ஆசிரியர் தினம். அங்கே அது மே 15. ஓர் எல்லைக் கோட்டுக்கு அப்பால் மாலை போடும் நாள், இப்பால் வேலை போவதை உறுதி செய்யும் கெடு நாளாக இருக்கிறது.

மகனின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்கு அப்படி ஒரு மார்ச் நோட்டீசு வந்தது. பணிமூப்பில் குறைந்தவர்களுக்கே முதலில் வரும். அவர் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மே மாதம் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், என் மகன் ‘அடுத்த ஆண்டு நான் வேறு பள்ளிக்குப் போனாலும் உங்களை வந்து பார்ப்பேன்’ என்று எழுதினான். அவர் அதை வாசித்துவிட்டு, தானும் அங்கே இருப்போமா என்று தெரியாது என்பதை அவனிடம் சொல்லாமல், நன்றி சொல்லி மடித்து வைத்துக்கொண்டார். ஓய்வு பெறுவோரின் எண்ணிக்கை தெரிந்த பிறகு அவருடைய நோட்டீசு திரும்பப் பெறப்பட்டது. அதே பள்ளியில் இன்னொருவருக்கு அப்படி நடக்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்தான் அவர் மாவட்டக் கூட்டத்தில் சான்றிதழ் வாங்கிப் படத்துக்கு நின்றிருந்தார்.

அந்த ஆண்டிலிருந்து நான் படம் எடுத்து முடிந்ததும் எழுந்து வருவதில்லை. கடைசியாகப் போன கூட்டத்தில் நிதிநிலை அறிக்கை இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தது. பார்வையாளர் இருக்கைகளில் பதினொரு பேர் இருந்தோம். பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். எனக்கு இரண்டே போதுமானதாக இருந்தது.