அறளை என்று விட்டுவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சாப்பிட்ட கையோடு "இன்னும் சாப்பாடு தரேல்லை" என்கிறா. பொழுதுபட்டால் உடுப்புகளை மூட்டை கட்டி, "ஷெல் வருது, வெளிக்கிடுங்கோ" என்று படலையில் நிற்கிறா. அயலவர்கள் வயதுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார்கள். மாமி செய்வினை என்கிறா. எதை நம்புவது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அயலவர்களைக் குறைசொல்ல முடியாது, சகோதரி. 1970கள் வரை வைத்தியர்கள் பலரும் அதையேதான் சொன்னார்கள். இன்று அல்சைமர் நோய் எனப்படும் மறதி நோயை 1906இல் ஜேர்மன் வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் விவரித்தார். அவர் விவரித்த நோயாளி, 51 வயதில் பிராங்பேர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண். அதனால் அது நடுவயதில் வரும் அபூர்வ நோயாகவே ஒதுங்கிப்போனது. எழுபது வயதில் அதே மறதி வந்தால் "முதுமை, இரத்தக்குழாய் தடித்துவிட்டது" என்று கைவிட்டார்கள். 1960களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் கண்ட அதே படிவுகள் தெரிந்தன. இரண்டும் ஒரே நோய்தான் என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ரொபேர்ட் கட்ஸ்மன் அழுத்தமாக எழுதியது 1976இல்.

மாமி நூல் கட்டினால் கட்டட்டும். ஆனால் செய்வினை எடுக்கிறோம் என்று அடிப்பது, பட்டினி போடுவது போன்ற எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

"வயது" என்று இருந்துவிட்டால், மாற்றக்கூடிய காரணங்கள் தவறிப்போகும். தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்தபின் மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் எல்லாம் இதே கோலத்தில் வரலாம். தடிமனுக்கு வாங்கும், தூக்கம் வரவைக்கும் குளிசையும் குழப்பத்தைக் கூட்டும். வீட்டிலுள்ள குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மறதி எப்போது தொடங்கியது என்றும் எழுதி, மாவட்ட வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக் கொண்டுபோங்கள். ஆனால் குழப்பம் ஓரிரு நாளில் திடீரெனக் கூடினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ வெயிலில் நீர் வற்றியதோ காரணமாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

அல்சைமர் நோயில் புதியவை பதியாது, பழையவை நெடுநாள் நிற்கும். அதனால்தான் காலைச் சாப்பாடு மறந்து, ஷெல் மட்டும் நிற்கிறது. "சண்டை முடிஞ்சு கனகாலம்" என்று வாதாடினால் பயம்தான் கூடும். "நான் பக்கத்திலைதான் இருக்கிறன் அம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவாருங்கள், தேத்தண்ணி கொடுங்கள். இருட்டுமுன் லைற்றைப் போடுங்கள், பின்னேரத்தில் நீண்ட நித்திரை வேண்டாம். அந்தப் பயத்தை வைத்தியரிடமும் சொல்லுங்கள், போர்க்கால மனவடுவுக்குத் தனியாக உதவி தேவைப்படலாம். கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போடுவதை மட்டும் இந்தக் கிழமையே செய்யுங்கள்.