தனித்து வாழும் தாய்மார்களுக்காக ஒரு பலகாரத் தொழில்: எங்கிருந்து தொடங்குவது?

கோலாலம்பூரில், உங்கள் அடுக்குமாடியில் இருக்கும் தனித்து வாழும் தாய்மார்களை ஒன்றுசேர்த்து, முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒரு சமூகத் தொழில் நிறுவனத்தைத் தொடங்க விரும்புகிறீர்கள். முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்வதா, மானியத்துக்கு விண்ணப்பிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பிறகு. தீபாவளி முடிந்த அடுத்த மாதம் உங்கள் முறுக்கை யார் வாங்குவார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

செந்தூல் வட்டாரத்தில் இப்படிப்பட்ட மகளிர் குழுக்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். ஐப்பசியில் அடுப்பு அணைவதே இல்லை. கார்த்திகை பிறந்ததும் ஆர்டர் நின்றுவிடுகிறது. தாய்மார்களுக்கு உதவ வேண்டும் என்ற பரிவில் வாங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவார். மளிகைக் கடைக்காரரும் அலுவலக கேன்டீன் நடத்துபவரும்தான் வாரந்தோறும் வாங்குவார்கள்; அவர்கள் பார்ப்பது ருசி, விலை, சொன்ன நாளில் சரக்கு வருகிறதா என்பதை மட்டுமே. கேன்டீன்களில் ஹலால் சான்றிதழையும் பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விலையைக் கூலியிலிருந்து கணக்கிடத் தொடங்குங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்தில் 6 நாள் வேலை என்றால் நாளுக்குச் சுமார் 65 ரிங்கிட் ஆகிறது. இருவர் சேர்ந்து ஒரு நாளில் 60 பாக்கெட் போடுகிறார்கள் என்று வையுங்கள். கூலி மட்டுமே ஒரு பாக்கெட்டுக்கு 2 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். மாவு, எண்ணெய், எரிவாயு, பாக்கெட், கடைக்காரரின் கமிஷன், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கில் வரும் விலைக்குப் பலகாரம் விற்காது என்றால், பொருளை மாற்றலாம், செய்முறையை மாற்றலாம், கூலியில் மட்டும் கைவைக்கக் கூடாது. அந்தப் பெண்களின் வருமானத்துக்காகத் தொடங்கும் தொழில், அவர்கள் கூலியைக் குறைத்து நிற்குமானால், அதைச் சமூகத் தொழில் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சமைப்பவர்கள் அனைவரும் உணவு கையாளுவோர் பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்; 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

பதிவுக்கு வருவோம். மலேசியாவில் சமூகத் தொழிலுக்கென்று தனிச் சட்ட வடிவம் இல்லை. செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாகப் பதிந்தால் லாபம் பங்குதாரர்களைச் சேரும். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக (பங்குக்குப் பதில் உறுப்பினர்கள் உத்தரவாதம் தரும் வடிவம்) பதிந்தால் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பகிரவே முடியாது. கூட்டுறவு சங்கமென்றால் உழைப்பவர்களே உரிமையாளர்களாகலாம். ஆகவே மிஞ்சும் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அந்தத் தாய்மார்களை உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். வடிவம் தானே தெளிவாகும்.

உழைப்பவர்களே உரிமையாளர்களாகும் கூட்டுறவு வழி நமக்குப் புதிதும் அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாட, வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்து தவித்த தொழிலாளர்களுக்காக, அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. நிவாரணம் கேட்டு நின்றிருக்க வேண்டியவர்களைப் பங்குதாரர்களாக்கிய அந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

மானியத்தையும் கடனையும் விற்பனை ஓரளவு நிலைபெற்ற பிறகு தேடுங்கள். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கென ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைச்சு 2019இல் கொண்டுவந்த சமூகத் தொழில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது, சமூக நோக்கத்தோடு வணிக வருமானத்தையும் காட்ட வேண்டும். ஆகவே முதல் பாக்கெட்டிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மானியம் கிடைத்தால் மாவு பிசையும் இயந்திரம், பெரிய அடுப்பு போன்றவற்றுக்குச் செலவிடுங்கள். மாதச் சம்பளத்தை அதிலிருந்து கொடுக்காதீர்கள், ஏனெனில் மானியம் தீரும் மாதத்தில் அந்தப் பெண்களின் வேலையும் போய்விடும்.