இணையம் எட்டாத மலைப்பள்ளியில் கலப்புக் கற்றல் (ஆசிரியர் வகுப்போடு கணினிவழிப் பாடத்தையும் சேர்த்து நடத்துவது) நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். பாடங்களைச் சேமித்து வழங்கும் கணினியான சர்வரைப் பள்ளிக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும். 'கோலிப்ரி' என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலோ நிறுவுங்கள். சிக்னல் கிடைக்கும் ஊரில் வீடியோக்களையும் பயிற்சிக் கணக்குகளையும் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றுங்கள். பிறகு வைஃபை ரவுட்டர் வழியாகவே பிள்ளைகளின் டேப்லெட்டில் பாடம் ஓடும். டேட்டா செலவே கிடையாது.

யார் எந்தக் கணக்கில் திணறினார் என்பது ஆசிரியர் திரையில் தெரியும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பின்னக் கூட்டலில் நாலு பேர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருந்தால், மறுநாள் கரும்பலகையில் அதைத்தான் எடுக்க வேண்டும். வீடியோவைப் போட்டுவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிட்டால் அது கலப்புக் கற்றலே அல்ல.

மின்வெட்டு அதிகமென்றால் ராஸ்பெரி பை வாங்குங்கள். தரமான பவர் பேங்கிலேயே ஓடும். தமிழ்ப் பாடம் போதாவிட்டால், ஆசிரியர் எடுத்த வீடியோக்களையும் கோலிப்ரி ஸ்டுடியோ என்ற இணையக் கருவி மூலம், சிக்னல் கிடைக்கும் ஊரில் சேர்க்கலாம்.