முதல் லாரி எங்க ஏறுறது? புது டிரைவர்களோட கேள்விகளுக்குப் பதில்

27 வருசமா லாரி ஓட்டுறேன். மதுரை சுத்துவட்டாரத்துல புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்த தம்பிங்க கேட்டதுக்கு, அனுபவத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

மேலூர் தம்பி: அண்ணே, ஹெவி எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. கப்பலூர்ல ஒரு பார்சல் கம்பெனி கூப்பிடுது. எங்க ஊர்ல மூணு வண்டி வச்சிருக்க முதலாளி அதைவிட 4,000 கூடத் தர்றேங்கிறாரு. எதுல சேர?

சம்பளத்தை அப்புறம் பேசு தம்பி. முதல்ல ரெண்டு இடத்துக்கும் ராத்திரி வண்டி கிளம்புற நேரமாப் பார்த்துப் போ. டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கிறாரான்னு கவனி. பின்னாடி ஜோடி டயர்ல உள்டயர் காத்து இறங்கிட்டா கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கி நிக்கும். கம்பியால தட்டினா காத்துள்ள டயர் கம்பியைத் துள்ள விடும். காத்தில்லாதது 'தொப்'புனு அமுங்கும். அப்படி ஒண்ணு அகப்பட்டா பஞ்சர் ஒட்டிட்டுக் கிளம்புறாய்ங்களா, இல்ல 'திண்டுக்கல்ல பாத்துக்கலாம், எடு'ங்கிறாய்ங்களா? 'எடு'ன்னா அந்த இடம் உனக்கு வேண்டாம்.

அப்புறம் அங்க ஓட்டுற டிரைவரோட ஒரு டீ குடி. கடைசியா எப்ப வீட்டுக்குப் போனீங்க, போன மாசக் கணக்கு முடிஞ்சுதா, இது ரெண்டையும் கேளு. முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிஞ்சிரும்.

முதல் மூணு மாசம் பழைய டிரைவர் கூட ரெண்டாவது ஆளா அனுப்புற இடம்னா, சம்பளம் குறைஞ்சாலும் அங்கதான் நான் போகச் சொல்வேன். எனக்கு அது கிடைக்கல. என் முதல் முதலாளி ஒன்பதாம் நாளே தனியா அனுப்பிட்டாரு. பெங்களூர்ல இருந்து லோடோட திரும்புறப்ப தொப்பூர் இறக்கத்துல டாப் கியர்லயே விட்டுட்டேன். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு டிரம் காஞ்சு புகை வந்துச்சு. அதுக்கப்புறம் மிதிச்சா வண்டி நிக்கல. இடது பக்கம் மண்மேடு இருந்ததால உசுரு தப்பிச்சேன். ஏறுற கியர்லதான் இறங்கணும்னு பக்கத்துல உக்காந்து சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா அது நடந்திருக்காது.

உசிலம்பட்டி தம்பி: கேரளா லைன்ல படி நல்லாத் தர்றாங்களாம். போகலாமாண்ணே?

ஆறு மாசம் பொறு. போடிமெட்டுல மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு. முதல்ல சமவெளியில தூத்துக்குடி, சேலம்னு ஓட்டிக் கை பழகட்டும்.

திருமங்கலம் தம்பி: மாசச் சம்பளமா, கிலோமீட்டர் கணக்கா?

எதுவா இருந்தாலும் சரி, இதை முதல்லயே பேசிரு: டோல், ஏத்துக்கூலி இறக்குக்கூலி, பஞ்சர், ஆர்.டி.ஓ. அபராதம், இதெல்லாம் யார் கணக்கு? லோடு இறக்க ரெண்டு நாள் காத்துக் கிடந்தா படி உண்டா? கிலோமீட்டர் கணக்குல ஓட்டுறவனுக்குக் காத்திருக்கிற நாள்தான் பெரிய நஷ்டம். டீசல் மைலேஜ் குறைஞ்சா பிடிச்சுக்குவோம்பாய்ங்க. லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் ஒரே மைலேஜ் கேக்கிற இடத்துல மாசாமாசம் உன் சம்பளத்துலதான் கை வைப்பாய்ங்க.

வாடிப்பட்டி தம்பி: ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்தாதான் வேலைங்கிறாங்க.

கொடுக்காதே. நகல் கொடு. ஒரிஜினல் அவங்க கையில இருந்தா, சம்பளப் பாக்கி இருந்தாலும் உன்னால விலகி வர முடியாது.

ஒத்தக்கடை தம்பி: ஓவர்லோடு ஏத்தச் சொன்னா புது ஆள் எப்படி மறுக்கிறது?

சேரும்போதே கேட்டுரு, மறுக்கிற வேலையே வராது. 2018-ல எடையைக் கூட்டின பிறகு பத்து சக்கர வண்டிக்கு வண்டி எடையும் சேர்த்து 28.5 டன். அதைத் தாண்டினா சட்டப்படி 20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. 'அபராதத்தை நான் கட்டிக்கிறேன்'னு முதலாளி சொல்லலாம். ஆனா ஓவர்லோடுக்கு லைசென்ஸையும் முடக்கலாம், அது உன் பேர்ல இருக்கு. பிரேக் பிடிக்காம முன்னாடி போறவன் மேல ஏத்தினா கேஸும் உன் மேலதான்.

சிவகாசித் தம்பி: கேஸ் டேங்கருக்குத் தனி லைசென்ஸ் வேணுமா?

ஆமா, அபாயகரமான சரக்குக்குப் பயிற்சி எடுத்து லைசென்ஸ்ல பதிஞ்சாகணும். பதியாம 'சும்மா எடுத்துட்டுப் போ'ங்கிற இடத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதே.

சோழவந்தான்ல இருந்து ஒரு தாய்: அண்ணே, பையன் முத டிரிப்பு போகப் போறான். ராத்திரி பூரா ஓட்டச் சொல்வாங்களா?

தங்கச்சி, நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு 1961 சட்டத்துலயே வச்சாங்க. ரோட்டுல அது நடக்கிறதில்ல, உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அதனால தூரத்து லோடுக்கு ரெண்டு டிரைவர் போடுற கம்பெனியான்னு கேக்கச் சொல்லுங்க. விடியக்காலை ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் தூக்கம் சொக்கும். அந்த நேரத்துல பங்க்ல ஓரங்கட்டிப் படுத்தாத் திட்டாத முதலாளியா இருக்கணும். இன்னொண்ணு, ஓட்டிக்கிட்டு இருக்கிறப்ப நீங்க போன் போடாதீங்க. வண்டியை நிப்பாட்டினதும் அவனையே கூப்பிடச் சொல்லுங்க.