தனியா போய் இறங்கின முதல் வாரம்: வாசகர் கேள்விக்கு பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி நான் கென்யால மூணு மாசம் தன்னார்வலரா இருந்தத பத்தி கொஞ்சமா எழுதியிருந்தேன், அதுக்கு தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கமிருந்து மட்டும் இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. படிக்க படிக்க மனசு நிறைஞ்சுது. அதுல மூணு கடிதத்துக்கு இந்த வாட்டி பதில் எழுதுறேன்.

அக்கா, எனக்கு 25 வயசு, எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிருக்கேன். அடுத்த மாசம் கென்யால நகுரு பக்கம் ஒரு பொம்பளைங்க குழு கூட மூணு மாசம் வேலை செய்ய தனியா போறேன். இதுவரைக்கும் பெங்களூரு தாண்டி போனதில்ல. போய் இறங்கின முதல் நாலஞ்சு நாள நினைச்சா தான் வயித்த கலக்குது. போனதும் முதல்ல என்ன வேலைய கையில எடுக்கணும்? — பெயர் வேண்டாம், பென்னாகரம்

தங்கச்சி, நீ நகுருன்னு எழுதினத பாத்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், நானும் அந்த பக்கம் தான் இருந்தேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிய கடைசி வாரத்துக்கு தள்ளாத, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, முன்கூட்டியே போன் போட்டு என்னிக்கு போடுறாங்கன்னு கேட்டுட்டு போ. ஊசி போட்டு 10 நாள் ஆனா தான் அது செல்லும், ஊசி போட்டதுக்கு தர்ற அந்த மஞ்சள் புத்தகம் இல்லாம கென்யால இருந்து திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே தனியா வெச்சுடுவாங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். இன்னொண்ணு, கென்யாக்கு 2024ல இருந்து விசாக்கு பதிலா ஆன்லைன்லயே இ-டிஏங்கிற பயண அனுமதி எடுக்கணும், அத எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்துடாத, சம்பளமில்லாத வேலையா இருந்தாலும் அதுக்கு தனி அனுமதி தேவைப்படலாம், அதனால எந்த அனுமதில வரணும்னு அந்த குழுகிட்டயே எழுத்துல கேட்டு வாங்கி பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கோ.

நைரோபில சாயங்காலத்துக்கு மேல இறங்குனா அன்னிக்கு ராத்திரி அங்கயே தங்கிடு. நகுரு அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர், ரிஃப்ட் பள்ளத்தாக்குல இறங்குற ரோடு, நம்ம தொப்பூர் கணவாய் மாதிரி லாரி வரிசையா போகும், இருட்டுல அதுல போக வேண்டிய அவசியமே இல்ல. ஸ்வெட்டர் கண்டிப்பா எடுத்துக்கோ, ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சு நான் காட்டன் துணி மட்டும் எடுத்துட்டு போயி ஜூலை மாச குளிர்ல ராத்திரியெல்லாம் நடுங்கினேன், நைரோபி ஏற்காட்ட விட உசரத்துல இருக்கு.

மறுநாள் காலைல முதல் வேலை சிம். பாஸ்போர்ட் காட்டி வாங்கணும். கூடவே போன்லயே பணம் அனுப்புற எம்-பெசா போட்டு தர சொல்லு, 2007லயே அங்க ஆரம்பிச்சுட்டாங்க, தக்காளி விக்கிற பாட்டில இருந்து மட்டாட்டு வேன் வரைக்கும் எல்லாரும் போன்லயே தான் காசு வாங்குறாங்க, நம்ம ஜீபேவ நம்பி போகாத. ஆனா நம்ம ஊர் சிம்ம தூக்கி போட்டுடாத, பேங்க் ஓடிபி அதுக்கு தான் வரும், ரோமிங் போட்டு வெச்சுக்கோ.

அப்புறம் நேரம். இத யாரும் எனக்கு சொல்லல. ரெண்டாவது நாள் குழு தலைவி அம்மா சுவாஹிலில "சா டட்டு"க்கு வான்னாங்க, டட்டுன்னா மூணுன்னு விமானத்துலயே படிச்சு வெச்சிருந்தேன், அதனால மத்தியானம் மூணு மணிக்கு போய் நின்னேன், கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வயலுக்கு போயிட்டாங்க, எனக்காக காலைல 9 மணில இருந்து காத்திருந்தாங்களாம். அங்க பொழுது விடியுறதுல இருந்து மணி எண்ணுறாங்க, காலைல ஏழு மணி தான் அவங்களுக்கு ஒண்ணு, ஒன்பது மணி மூணு. பூமத்திய ரேகைக்கு பக்கத்துலயே இருக்குறதால வருஷம் பூரா சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்துல உதிக்குது, அதனால அந்த கணக்கு சரியா வருது. நம்ம பெரியவங்க உதயத்துல இருந்து நாழிகை எண்ணினாங்கல்ல, அதே தான். யார் நேரம் சொன்னாலும் "காலைலயா, நம்ம கடிகாரத்துல எத்தன மணி"ன்னு ஒரு தடவ திருப்பி கேட்டுக்கோ.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். முதல் வாரம் எந்த வேலையும் கையில எடுக்காத. நெஜமா சொல்றேன். நான் இங்கிருந்து கை கழுவுறத பத்தி கலர் சார்ட்டு பன்னெண்டு சுருட்டி எடுத்துட்டு போனேன், போன உடனே கிளாஸ் எடுக்கணும்னு ஒரே துடிப்பு. மூணாவது நாள் குழு வீட்டு திண்ணைல உக்காந்து அவங்க கூட கீரை ஆஞ்சிட்டிருந்தேன், சுகுமா விகின்னு ஒரு தடிச்ச இலை, அத மெலிசா சீவணும். ஒரு பொண்ணு, பத்து வயசு இருக்கும், எதுக்கோ சிரிச்சது, சிரிச்ச உடனே கையால வாய பொத்திக்கிச்சு. எனக்கு பகீர்னுச்சு. ஏன்னா நான் பாலக்கோடு பக்கம் வளந்தவ, ஸ்கூல் குரூப் போட்டோ அத்தனைலயும் வாய இறுக்கி மூடி தான் நிப்பேன். என் முன்பல்லு ரெண்டுலயும் குறுக்கால காப்பி கலர்ல கோடு ஓடும், ஆழ்துளை கிணத்து தண்ணில இருந்த ஃப்ளோரைடு பண்ணின வேலை. நான் பல்லு தெரிய சிரிச்சேன். அந்த பொண்ணு கைய எடுத்துட்டு கிட்ட வந்து என் பல்ல உத்து பாத்துச்சு, அப்புறம் தன் பல்ல தொட்டு காட்டுச்சு. அதே கோடு.

ரிஃப்ட் பள்ளத்தாக்கு எரிமலை பாறைல உண்டான பூமி, அந்த நிலத்தடி தண்ணில பல இடத்துல ஃப்ளோரைடு அதிகம், உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதுக்கு மேல குழந்தைங்க வருஷக்கணக்கா குடிச்சா பல்லு இப்படி ஆகும், ரொம்ப அதிகமா போனா எலும்பும் கெடும். கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்டுறதால இன்னும் கூட தான் ஆகும். நம்ம மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013ல வந்ததே இதுக்காக தான். இத நான் அன்னிக்கு சொன்னப்ப அந்த பொம்பளைங்க அத்தன பேரும் கீரைய கீழ வெச்சுட்டு கேட்டாங்க. ஆனா சொல்லி குடுத்தது நான் மட்டுமில்ல. மாட்டு எலும்ப சுட்டு கரியாக்கி அதுல தண்ணிய வடிகட்டி ஃப்ளோரைட எடுக்குற ஃபில்டர் அந்த பக்கம் பழக்கத்துல இருக்கு, எனக்கு அது புதுசு, நம்ம பக்கம் படிகாரமும் சுண்ணாம்பும் போடுற நல்கொண்டா முறை மட்டும் தான் கேள்விப்பட்டிருந்தேன். கூரைல விழுற மழைத்தண்ணிய எந்தெந்த வீட்ல பிடிச்சு வெக்கிறாங்கன்னு அவங்களே என்ன வீடு வீடா கூட்டிட்டு போய் காட்டினாங்க. எந்த வீடு எந்த கிணத்து தண்ணி குடிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதுறது தான் அடுத்த ரெண்டு மாசமும் என் வேலையா ஆச்சு, அந்த வேலைய அவங்க தான் எனக்கு குடுத்தாங்க. சார்ட்டு சுருள பிரிக்கவே இல்ல. மூணாவது நாளே நான் கிளாஸ் எடுக்க நின்னிருந்தா அந்த பொண்ணு வாய பொத்திக்கிட்டே கடைசி வரிசைல உக்காந்திருக்கும்.

நீ பென்னாகரத்து பொண்ணு, தண்ணி கஷ்டம்னா என்னன்னு உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அதனால போய் உக்காரு, கீரை ஆய், கேளு.

மூணாவது நாலாவது ராத்திரி அழுகை வரும், எனக்கு வந்துச்சு. அழுதுடு. அங்க ராத்திரி எட்டுன்னா இங்க பத்தரை, அம்மா தூங்கியிருப்பாங்க, அதனால அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு தினமும் பேசுறதுன்னு இப்பவே வீட்ல பேசி வெச்சுக்கோ.

அக்கா வணக்கம், நான் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல். ஒரு ஏஜென்சி ஒண்ணரை லட்சம் கட்டினா வெளிநாட்ல ஒரு அநாதை இல்லத்துல ரெண்டு வாரம் தன்னார்வலரா விடுறோம், சர்டிபிகேட் தர்றோம்னு சொல்றாங்க. போகலாமா? — வாசகர், ஓசூர்

வேணாம் தம்பி. உன் மனசு நல்ல மனசு, அத வெச்சு தான் அவங்க காசு கேக்குறாங்க. ஓசூர்ல ஒரு குழந்தைங்க ஹாஸ்டலுக்கு முன்ன பின்ன தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து ரெண்டு வாரம் குழந்தைங்கள தூக்கி வெச்சு போட்டோ எடுத்துட்டு போறேன்னா நீ விடுவியா? ரெண்டு வாரத்துல பாசமா ஒட்டிக்கும், நீ போயிடுவ, அடுத்த ஆளு வருவாரு, அந்த குழந்தை எத்தன தடவ தான் பிரிவ தாங்கும். இப்படி வர்றவங்க காசுக்காகவே அப்பா அம்மா இருக்குற குழந்தைங்கள இல்லத்துல கொண்டு வந்து வெக்கிறதும் பல நாட்ல நடக்குது. 2019ல ஐநா பொதுச்சபையே அநாதை இல்ல தன்னார்வ சுற்றுலாவால வர்ற கெடுதல தடுக்கணும்னு தீர்மானத்துல சொல்லியிருக்கு.

உன் கையில தொழில் இருக்கு. ஐநா தன்னார்வலர் திட்டத்துல பதிவு பண்ண காசு கிடையாது, அதுல பாரு, என்ன படிப்பு என்ன அனுபவம் கேக்குறாங்கன்னு படிச்சிட்டு ரெண்டு வருஷம் இங்க வேலை பாத்துட்டு அப்புறம் அப்ளை பண்ணு.

என் பொண்ணு அடுத்த மாசம் தனியா கென்யா போறா. சொந்தக்காரங்க வாய்க்கு வந்தத பேசுறாங்க, அத விடுங்க, அவ சோத்துக்கு என்னம்மா பண்ணுவா? ராகி மாவு, மாங்கன்னு எல்லாம் குடுத்து விடலாமா? — ஒரு தாய், காவேரிப்பட்டணம்

அம்மா, மாங்கன்னு, விதை, பழம் எதுவும் வேணாம், செடி விதைக்கெல்லாம் தனி அனுமதி வேணும், ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் குடுங்க, டப்பால அடைச்சு துணிப்பைல வைங்க, கென்யால 2017லயே பிளாஸ்டிக் கேரி பைய தடை பண்ணிட்டாங்க.

ராகி மாவு குடுக்கவே வேணாம்மா. கேழ்வரகு பொறந்த மண்ணே கிழக்கு ஆப்பிரிக்கா தான், பல ஆயிரம் வருஷம் முன்னாடி அங்கிருந்து தான் நம்ம பக்கம் வந்துச்சு. அங்க அதுக்கு பேரு விம்பி, காலைல அதுல கஞ்சி காச்சி ஊஜின்னு குடுப்பாங்க, முதல் நாள் அத வாய்ல வெச்சப்ப எனக்கு எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்குற மாதிரி இருந்துச்சு. மத்தியானம் உகாலி, மக்காச்சோள மாவுல கிண்டுற களி, நாம களிய பிட்டு குழம்புல தொட்டு முழுங்குற மாதிரி அவங்க கீரைல தொட்டு சாப்பிடுவாங்க. உங்க பொண்ணு பசியா கிடக்க மாட்டா.

ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அவ தங்குற வீட்டம்மாகிட்ட வீடியோ கால்ல ஒரு தடவ பேசிடுங்க, பாஷை தெரியலன்னாலும் பரவால்ல. எங்கம்மா பேசினப்ப என்ன சொல்றதுன்னு தெரியாம சமையக்கட்டுல இருந்து களி துடுப்ப எடுத்து காட்டினாங்க, அந்தம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு எந்திரிச்சு உள்ள போயி, அதே மாதிரி ஒரு மரத்துடுப்ப எடுத்துட்டு வந்து கேமரா முன்னாடி நீட்டினாங்க.