ஜப்பானில் ஒகாகியில் வேலை கிடைத்திருக்கிறது. வெறும் தொழிற்சாலை ஊர், பொழுதே போகாது என்கிறார்களே, உண்மையா?

சொன்னவர் ரயிலில் அந்த ஊரைக் கடந்து போனவராக இருப்பார். நான் அங்கே இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் (அதையும் கிழமை பார்த்து, வகை பிரித்து).

உங்களுக்கும் ஏஜென்ட் "நகோயா பக்கம்தான்" என்று சொல்லியிருப்பார். பக்கம்தான், ரயிலில் அரை மணி நேரம்.

போன புதிதில் ஒரு ஞாயிறு, சுய்மோன் ஆற்றங்கரையில் ஒரு கல்லில் சாய்ந்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரித்தேன். மைல்கல் என்று நினைப்பு. ஒரு பெரியவர் வந்து, திட்டாமல், போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "இது கவிதை." எழுந்த வேகத்தில் பாதி சாதம் கீழே.

அப்புறம் அவரே படகுத்துறை வரை கூட்டிப்போனார். மரத்தால் ஆன பழைய கலங்கரை விளக்கம், பக்கத்தில் ஹைக்கூ கவிஞர் பாஷோவின் சிலை. 1689-ல் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கிளம்பி ஐந்து மாதம், 2,400 கிலோமீட்டர் போல நடந்து, 'ஒகு நோ ஹோசோமிச்சி' என்ற பயண நூலில் வரும் பயணத்தை பாஷோ முடித்த இடம் இது. முடித்தவர் சும்மா இருந்தாரா? இரண்டு வாரத்தில் இசேவுக்குப் படகேறிவிட்டார். சிப்பியின் ஓடும் சதையும் பிரிவதுபோலப் பிரிகிறேன் என்பது அந்த நூலின் கடைசிக் கவிதை. மகளை ஊரில் விட்டு வந்து அப்போது ஆறு வாரம் எனக்கு. மேலே சொல்ல வேண்டாம்.

தொழிற்சாலை ஊர் என்பதும் சரிதான், ஆனால் அதற்கும் தண்ணீர்தான் காரணம். நிலத்தடி நீர் தானாகப் பொங்கும்; ஹாச்சிமான் கோயில் ஊற்றில் ஜனங்கள் கேனோடு வந்து பிடிப்பார்கள், நம்மூர்க் குடம் போல. ஆற்று நீரில் மின்சாரம் எடுக்க 1912-ல் தொடங்கிய கம்பெனிதான் இபிடென்; இன்று கம்ப்யூட்டர் சிப்பைத் தாங்கும் அடித்தகடு செய்கிறது. சாக்கே (அரிசி மது) குடிக்கும் மரப்பெட்டி 'மசு'வில் நாட்டுக்கே 80 சதவீதம் இங்கிருந்துதான். பெயர் நம் காதில் மாசு என்று விழும், பெட்டியோ ஹினோக்கி மர வாசனை. கோடையில் குளிர்ந்த ஊற்று நீரில் கிண்ணத்தோடு அமிழ்த்தி வைத்த மிசு மஞ்சு என்ற இனிப்பு கிடைக்கும். உள்ளே பயறுப் பூரணம், வழுக்கிக்கொண்டு போகும்.

ஜப்பான் புகழ் பாடுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சைவம் என்றால் திண்டாட்டம்தான், சூப்பிலெல்லாம் மீன். ராத்திரி எட்டு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிடும்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் ஊர்மேல் இல்லை, ஏஜென்ட்மேல். காலி செய்தபோது சுத்தம் செய்த கூலி என்று முன்பணத்தில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டார். துடைத்தது நான்! உள்ளே போகும் அன்றே அறையை மூலைமூலையாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.